பழைய சீமை ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடலாமா, பழுதுபார்த்தால் போதுமா?

உத்தரமும் (கூரையைத் தாங்கும் பெரிய கட்டை) கைமரங்களும் (அதிலிருந்து சுவர் வரை சாய்ந்து வரும் கட்டைகள்) திடமாக இருந்தால் பழுதுபார்த்தாலே போதும். ஷீட் போடச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. சீமை ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவுக்குக் கனம். அந்தக் கனம்தான் காற்றில் கூரையை அமுக்கிப் பிடிக்கிறது. ஷீட் 5 கிலோகூட வராது. சுவரோடு போல்ட் போட்டு இறுக்காமல் மண்சுவர், சுண்ணாம்புச் சுவர் மேல் அதை வைத்தால், பலத்த காற்றில் மரத்தோடு சேர்ந்தே கிளம்பும்.

முதலில் மரத்தைப் பாருங்கள். கைமரம் சுவரில் உட்காரும் முனைதான் முன்னால் மக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனை போயிற்று. அதை மட்டும் வெட்டிவிட்டு, அதே பருமனில் புதுக்கட்டையைப் பக்கத்தில் சேர்த்து, நல்ல மரத்தோடு குறைந்தது 2 அடி ஒட்டி நிற்கும்படி 12 மி.மீ. போல்ட் மூன்று போடலாம். முகட்டில் நூல் பிடித்துப் பார்த்து உத்தரமே தொய்ந்திருந்தால், அல்லது பாதிக் கைமரத்தைக் கரையான் தின்றிருந்தால், பழுதுபார்க்கும் பணம் வீண்.

ரீப்பரை (ஓடு உட்கார, கைமரத்தின் குறுக்கே அடிக்கும் மரச்சட்டம்) மிச்சம் பிடிக்காதீர்கள். ஓட்டை எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள், புதிதாகவே அடித்துவிடுங்கள். இடைவெளி சுமார் 32 செ.மீ. வரும். ஆனால் உங்கள் ஓட்டையே தரையில் பத்து அடுக்கி அளந்து முடிவு செய்யுங்கள். இறவாரத்து (கூரையின் கீழ் ஓரம்) ரீப்பர் மட்டும் மற்றதைவிட ஓட்டுக்கனம் உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி வரிசை தலைகுனிந்துவிடும். முந்திரிக்கொட்டைத் தோலில் எடுக்கும் எண்ணெயை மரத்தில் பூசினால் பூச்சி அண்டாது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும்.

இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், சத்தம் மழுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. பாசியைத் தேங்காய்நார் பிரஷால் தேயுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், சுட்ட மேல்தோல் உரிந்து ஓடு தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். மாற்று ஓட்டைப் பழைய ஓட்டுக் கடையில் முதுகில் உள்ள கம்பெனி முத்திரை பார்த்து வாங்குங்கள். வேறு கம்பெனி ஓடு சில மில்லிமீட்டர் மாறினாலும் ஓட்டோடு ஓடு கோக்கும் பூட்டு உட்காராது. கிடைக்காவிட்டால் ஒரு சரிவு முழுக்க ஒரே முத்திரையாக வரும்படி பிரித்துப் போடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு பிடிக்கும். (மங்களூரில் ஓடு தயாரித்த பாசல் மிஷனின் ஓட்டில் 1865 என்று இருப்பது தொழிற்சாலை தொடங்கிய வருடம். உங்கள் வீட்டு வயதை அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.)

ஓட்டைக் குறை சொல்கிறோமே தவிர, ஒழுகல் பெரும்பாலும் இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில்தான். அங்குள்ள தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். 2 அடி அகல அலுமினியத் தகடு போட்டு, இரண்டு ஓரத்தையும் ஓர் அங்குலம் மேல்நோக்கி மடியுங்கள். மடிக்காவிட்டால் அடைமழையில் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி உள்ளே விழும். தகட்டின் மேல் சிமெண்ட் படக்கூடாது, அரித்துவிடும்.

முகட்டு ஓட்டுக்குச் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்ட் கலவை, மரம் அசையும்போது வெடித்து ஓட்டையும் சேர்த்து உடைக்கும். இதே காரணத்தால் ஓட்டு இடுக்கில் சிமெண்ட் அப்பவே அப்பாதீர்கள். அப்பிய ஓட்டை அடுத்த முறை உடைக்காமல் கழற்ற முடியாது.

பிரிக்கும்போது இரண்டு சரிவிலும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் காலியானால் மறுபக்கத்துக் கனம் முகட்டைத் தள்ளும். வேலை பங்குனி, சித்திரையில் முடியட்டும், ஆடிக் காற்றில் ஓட்டின் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.