சென்னை – மதுரை விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஆகாய வழியில் சுமார் 420 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருக்கும். அது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள கணக்கு. விசிறி வைத்த ஏடிஆர் ரகச் சின்ன விமானம் என்றால் மணிக்கு 500 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். ஜெட் விமானம் அதைவிட வேகம்தான், ஆனால் இந்தத் தூரத்துக்கு ஏறவும் இறங்கவுமே பெரும்பாலான நேரம் சரியாகிவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வியைப் பார்த்தால், 'ஒரு மணி நேரம்தானே' என்று கிளம்பப்போகும் ஆள் மாதிரி தெரிகிறீர்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

உசிலம்பட்டி பக்கம் குலதெய்வக் கோயிலில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். முகூர்த்தம் 9 முதல் 10.30. விமானம் காலை 6.15-க்கு. பெரம்பூரிலிருந்து மூன்றேகாலுக்கே டாக்ஸி பிடித்தேன். அந்நேரத்துக்கு மெட்ரோ ஏது? போர்டில் 6.15 என்பது 6.45 ஆனது, அப்புறம் 7.25. எங்களை ஏற்ற வேண்டிய விமானமே வேறு ஊரிலிருந்து வந்து சேரவில்லையாம்.

மதுரையில் இறங்கும்போது 8.45. அப்போதும் நம்பிக்கை இருந்தது. சீர்ப் பெட்டி பெல்ட்டில் வர இருபது நிமிடம். அங்கிருந்து உசிலம்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்புறம் கோயிலுக்கு மண் பாதை. 10.50-க்குப் போய் நின்றால், பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, அழுது ஓய்ந்து லாலிபாப் சப்பிக்கொண்டிருக்கிறான். காது மடலில் ரத்தப் பொட்டு காய்ந்திருந்தது. முதல் நாள் இரவே பஸ்ஸில் வந்துவிட்ட பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். இனி எப்போது ஆல்பத்தைப் புரட்டினாலும் அவர் மடிதான்.

'முதல் நாளே போக வேண்டியதுதானே' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். அது மார்ச் மாதம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களைக் கேளுங்கள், ஒரு நாள் லீவுக்கு என்ன பாடு என்று. விமானமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டெல்லிக்கு நானும் அதில்தான் போகிறேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பெரம்பூர் வீட்டு மரத்துத் தேங்காய் ஒன்றைத் தங்கைக்காகக் கைப்பையில் வைத்திருந்தேன். அவள் பிறந்த வருஷம் அப்பா நட்ட மரம். சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே நாலைந்து தேங்காய் கிடந்தன. கைப்பையில் கூடாதாம். 2024-ல் சபரிமலை சீசனுக்கு மட்டும் இருமுடித் தேங்காய்க்கு விலக்கு கொடுத்தார்கள், சரி. தாய்மாமன் சீருக்கு யார் கொடுப்பது? பெட்டியை ஏற்கெனவே கவுன்ட்டரில் போட்டாகிவிட்டது, திரும்பிப் போய் அதில் வைக்கவும் வழியில்லை. நான் தாமதமாக வந்ததைப் பற்றித் தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நம்ம மரத்துத் தேங்காய் எங்கண்ணா?” என்றுதான் கேட்டாள்.

விசேஷத்துக்குப் போவதாக இருந்தால் முதல் நாள் இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். விடியும்போது மதுரை. மூட்டையாகத் தேங்காய் கொண்டுபோனாலும் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள்.