பழைய கேமிங் கணினிக்கு இன்னும் காசு போடலாமா? கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே ரகம். பெட்டிக்கு ஏழெட்டு வயதாகிவிட்டது, புது கேம் திணறுகிறது, கையில் காசு கம்மி. நான் எப்போதும் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இப்போது வாங்கும் பொருள் அடுத்த கணினிக்கும் கூட வருமா?

கேள்வி: ஐ5 4460 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன் அண்ணா. 15 ஆயிரம் சேர்த்திருக்கிறேன். கார்டு மாற்றவா, ப்ராசஸர் மாற்றவா? (கல்லூரி மாணவர், திருப்பூர்)

பதில்: காசை எடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் சோதித்துப் பாருங்கள் தம்பி. ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று கவனியுங்கள். 95க்கு மேலேயே நின்றால் கார்டுதான் முட்டுகிறது. கார்டு 60இல் சும்மா இருக்க, எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ப்ராசஸர்தான். அதுவும் புரியவில்லையா? ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் கார்டு மாற்றிப் பலனில்லை.

உங்கள் பெட்டியில் கேமுக்குக் கேம் இரண்டுமே மாறி மாறி முட்டும் என்பது என் கணிப்பு. 4460 என்பது 2014இல் வந்த, நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை) ப்ராசஸர். அதன் மதர்போர்டும் பழைய டிடிஆர்3 ரக ரேமும் அடுத்த கணினிக்கு வராது. கார்டு வரும். அதனால் பெரிய தொகையைக் கார்டில் போடுங்கள். 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 செகண்ட் ஹேண்டில் உங்கள் காசுக்குள் படிந்தால் நல்லது. ஒரு சிக்கல் உண்டு: அந்த கார்டு எட்டு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும். உங்கள் போர்டு எச்81 ரகம் என்றால் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 2.0 வேகம்தான், கொஞ்சம் இழப்பு இருக்கும். பி85 என்றால் கவலை இல்லை.

ப்ராசஸருக்கு ஒட்டுப்போட வேண்டுமென்றால் இன்டெலின் சர்வர் ரக ப்ராசஸரான பழைய சியான் இ3 1240 வி3 தேடுங்கள். நான்கு கோர், எட்டு த்ரெட், கிட்டத்தட்ட ஐ7 4770 மாதிரி. உங்கள் போர்டு அதை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த போர்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட் என்று எழுதியிருக்கிறது. ஆர்எக்ஸ் 580 கார்டுக்குத் தாங்கும்தானே?

பதில்: பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள், ஓரத்தில் உள்ள சின்னக் கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர்? 16 என்று இருந்தால் 12ஆல் பெருக்குங்கள், 192 வாட். ஆர்எக்ஸ் 580 மட்டுமே 185 வாட் கேட்கும். ப்ராசஸர் என்ன காற்றைக் குடித்தா வாழும்? கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி நான் ஒரு போர்டையே பறிகொடுத்தவன். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் அடுத்த பெட்டிக்குக் கூட வரும் பொருள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தருவது பொதுவாக 360 வாட் அளவுதான். கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடலாம்.

கேள்வி: பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். விண்டோஸ் 10 நின்றுவிட்டது, புதுக் கணினிதான் வேண்டும் என்கிறான். 2018இல் வாங்கியது, ரைசன் 5 2600, பி450 போர்டு. உண்மையா? (ஒரு அப்பா, மதுரை)

பதில்: பாதி உண்மை சார். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. ஆனால் ரைசன் 2000 வரிசை விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் செய்தால் போதும். வேலோரண்ட் கேம் விளையாடுகிறான் என்றால் விண்டோஸ் 11இல் அந்த இரண்டையும் அதுவே கேட்கும். டிஸ்க்கின் பிரிவுகள் பழைய எம்பிஆர் முறையில் பதிவாகியிருந்தால் முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது.

இன்னொரு நல்ல சேதி: உங்களுடையது ஏஎம்4 (ப்ராசஸர் மாட்டும் சாக்கெட்டின் பெயர்) போர்டு. பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அதே போர்டில் மாட்டலாம், ரேமையும் மாற்ற வேண்டாம். வரிசை முக்கியம். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே அப்டேட், அப்புறம்தான் புதியது. பதற்றத்தில் தலைகீழாகச் செய்துவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று அழைத்தவர்கள் உண்டு.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் ஏறுமா?

பதில்: ஏறாது. லோடிங் குறையும், பெரிய வரைபடம் உள்ள கேம்களில் இடையிடையே வரும் திணறல் குறையலாம். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓட்டுபவர் என்றால் கட்டாயம் வாங்குங்கள், அதுவும் கூட வரும் பொருள்தான். ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இரண்டாவது ஒன்றைச் சேருங்கள், அது எஃப்பிஎஸ்ஸிலேயே தெரியும். 2025 கடைசியில் புது ரேம் விலை எகிறியதால் செகண்ட் ஹேண்ட் ஸ்டிக்கையும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் பழைய கார்டு வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பென்டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) கொண்டுபோங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகள்) எண்ணிக்கை 2304 வர வேண்டும். 2048 வந்தால் பெயர்தான் 580, உள்ளே 570 தரம், விலையையும் அப்படியே பேசுங்கள். 1050 டிஐ என்று சொல்லி எனக்கு ஒருவர் கொடுத்தது பயாஸ் மாற்றி எழுதிய புராதனக் கார்டு. வீட்டுக்கு வந்து டிரைவர் ஏறாதபோதுதான் தெரிந்தது. கண்ணெதிரே அரைமணி நேரம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், திரையில் புள்ளியோ கோடோ வந்தால் நடையைக் கட்டுங்கள். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். ஃபேன் முனகினால் ஒதுக்குவேன்.

ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் எதையும் புது கேமுக்காக வாங்காதீர்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், வன்பொருளிலேயே ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் வசதி) உள்ள கார்டைக் கட்டாயம் கேட்கிறது, ஜிடிஎக்ஸில் அது கிடையாது.

கேள்வி: அண்ணா, கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

பதில்: எதற்குச் சிரிக்க வேண்டும்? பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, ப்ராசஸர் வெப்பநிலை எவ்வளவு என்று பாருங்கள். 90 டிகிரியைத் தாண்டினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், மே மாதத்தில் இன்னும் மோசம். ஒரு சின்ன தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் மேல் பூசும், வெப்பம் கடத்தும் பசை), தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், 500க்குள் முடியும். கேமில் எஃப்எஸ்ஆர் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள், நிழலை மீடியத்துக்கு இறக்குங்கள். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.