ஒன்றரை லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்: போடலாமா?

கேள்வி: என் கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர், வயது 38. ஏழு வாரத்துக்கு முன் ஒட்டன்சத்திரம் அருகே பைக்கில் வரும்போது சரக்கு வேன் மோதி, வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. ராடு வைத்திருக்கிறார்கள். நான்காம் நாள், வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்று சொல்லி ஒருவர் வார்டுக்கே வந்து விசாரித்தார். எழுதிய இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார், நாங்கள் படித்துப் பார்க்கவில்லை. இப்போது போனில், “ஒன்றரை லட்சம் தருகிறோம், கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும்” என்கிறார். வேன் ஓனர், முப்பதாயிரம் தருகிறேன், கேஸை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில் (ஏ.ஆர். காப்பி) ‘பைக்கிலிருந்து தானாக விழுந்ததாக’ எழுதியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். மூன்றாம் நாள்தான் போட்டோம். கையில் காசில்லை. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, இனி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒன்றரை லட்சத்துக்கும் சரி, ஓனரின் முப்பதாயிரத்துக்கும் சரி, இப்போதைக்குத் தலையாட்ட வேண்டாம்.

வார்டுக்கு வந்தவர் யார் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வண்டியின் சேதத்தை மதிப்பிட வருபவர் சர்வேயர். உங்களிடம் வந்தவர் இன்வெஸ்டிகேட்டர். கம்பெனி கட்ட வேண்டிய தொகையைக் குறைக்க என்ன வழி இருக்கிறது என்று பார்க்க அனுப்பப்படுபவர். அவர் நல்ல மனிதராகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் எழுதும் அறிக்கை கம்பெனிக்குத்தான். உங்கள் கணவர் அந்தக் கம்பெனியின் பாலிசிதாரர் அல்ல, மூன்றாம் நபர். கம்பெனிக்கும் வேன் ஓனருக்கும்தான் ஒப்பந்தம். அதனால் அவர் கேட்டவுடன் வாக்குமூலம் தர வேண்டும் என்ற கட்டாயம் உங்கள் கணவருக்கு இல்லை. “போலீஸில் சொல்லியிருக்கிறோம், மீதியைத் தீர்ப்பாயத்தில் சொல்கிறோம்” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். தீர்ப்பாயம் என்பது வாகன விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் மன்றம்.

அவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தீர்களா? “எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, வேனைப் பார்த்தும் பிரேக் பிடிக்கவில்லையா, மாதம் கையில் எவ்வளவு வரும்?” சும்மா பேசுவது போலத்தான் இருக்கும். வலி ஊசி போட்டுப் படுத்திருப்பவர், “திடீர்னு வந்துட்டான் சார், நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டால், அது எழுத்தில் ஏறும்போது ‘கவனக்குறைவாக ஓட்டியதை ஒப்புக்கொண்டார்’ என்று ஆகிவிடும். வேலை இல்லாத மாதத்தை நினைத்து, “பத்தாயிரம் வந்தால் பெரிசு” என்றால் அதுவே வருமானக் கணக்கின் உச்சவரம்பாகிவிடும்.

ஏற்கெனவே போட்ட கையெழுத்துக்கு ஒரு வழி உண்டு. இந்த வாரமே கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில், இன்ன மருத்துவமனையில், சிகிச்சையில் இருந்தபோது கையெழுத்து வாங்கப்பட்டது, உள்ளடக்கம் படித்துக் காட்டப்படவில்லை, அதை வாக்குமூலமாக ஏற்கவில்லை, நகல் தாருங்கள். இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அந்தத் தாள் சாட்சியத்தில் வந்தால், அன்றே மறுத்திருக்கிறீர்கள் என்று காட்டலாம்.

இப்போது அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். அதைவிட ஒரு லட்சம் குறைவான தொகையை உங்களுக்கு உதவி போலச் சொல்கிறார்கள். அதற்காக உடனே அந்த இரண்டரை லட்சத்தைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 149-வது பிரிவின் முறைப்படி அதைப் பெற்றுக்கொண்டால், 166-வது பிரிவில் முழு இழப்பீடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும்.

ஒன்றரை லட்சம் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. நம் தீர்ப்பாயங்களில், வேலை பாதிக்கப்படாத காயங்களுக்கு ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை போடுவது உண்டு. சதவீதத்துக்கு ஐயாயிரம், 30 சதவீத ஊனம் என்றால் ஒன்றரை லட்சம். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். டைல்ஸ் ஒட்டுபவருக்கு எப்படிப் பொருந்தும்? நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மட்டம் பார்க்கிற வேலை அது. முழங்கால் முழுசாக மடங்காவிட்டால் தொழிலே போய்விடும்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இதைத்தான் சொன்னது: மருத்துவர் தரும் ஊன சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் அந்த மனிதர் இழக்கும் சம்பாதிக்கும் திறன் வேறு. அந்த வழியில் போட்டால் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். வருமானத்துக்கு ஆதாரம் போதாமல் மாதம் 15,000 என்றே தீர்ப்பாயம் வைப்பதாகக் கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட, நிலையான சம்பளம் இல்லாதவருக்கு வருங்கால உயர்வு 40 சதவீதம். ஆக 21,000. ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தைப் பெருக்க வயதுக்கு ஏற்ப ஒரு எண் உண்டு, அவர் வயதுக்கு அந்தப் பெருக்கி எண் 15. மொத்தம் 37,80,000. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம்தான் போனது என்றாலும் 11,34,000 வருகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்தவருக்கு, வண்டி வாடகை எல்லாம் தனி. இதுதான் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. கணக்கு எந்த வழியில் போடப்படுகிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டத்தான் சொன்னேன். அதனால் மேஸ்திரி, உடன் வேலை செய்தவர்கள், வேலை கொடுத்த காண்ட்ராக்டர் ஆகியோர் சாட்சி மிக முக்கியம். கூலி வரவு எழுதிய பழைய நோட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜி.பே.யில் கூலி வந்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஏ.ஆர். காப்பி. கம்பெனி வக்கீல் இதைத்தான் தூக்கிப் பிடிப்பார். அவசரப் பிரிவில் பணியில் இருந்த டாக்டர், கூட வந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதுவது அது, அவர் விபத்தைப் பார்த்தவர் அல்ல. உங்கள் கணவரை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று கண்டுபிடியுங்கள். விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்த வழிப்போக்கர் என்றால், மோதலைப் பார்த்திருக்கவே மாட்டார், ‘பைக்கிலிருந்து விழுந்துட்டார்’ என்றுதான் சொல்லியிருப்பார். 108-ல் வந்திருந்தால் அதற்கும் பதிவு இருக்கும். வேனிலும் பைக்கிலும் எங்கே சேதம் என்று மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட் சொல்லும். பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருந்தால் கேமரா பதிவு அழிந்துபோவதற்குள் கேட்டு எழுத்தில் ஒரு மனு போலீஸில் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். மூன்று நாள் தாமதம் பெரிய விஷயமே இல்லை. உயிரைக் காப்பாற்றத்தான் முதலில் ஓடுவார்கள் என்பதை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன.

வேன் ஓனரோடு சண்டை வேண்டாம். வேனுக்குப் பாலிசியும் டிரைவருக்கு லைசென்ஸும் சரியாக இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது கம்பெனிதான், அவர் சட்டைப்பையிலிருந்து எதுவும் போகாது. இதைப் பொறுமையாக அவருக்குச் சொல்லி, பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ், பெர்மிட் நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பணத்துக்காக, ‘புகாரில் தவறு’ என்று போலீஸில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு தாளோடு உங்கள் இழப்பீட்டு மனு நொண்டியாகிவிடும்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து, மெடிக்கல் போர்டு ஊனத்தை மதிப்பிட்ட பிறகு பேசலாம். கம்பெனியின் அதிகாரி தரும் தொகையைத் தீர்ப்பாயத்தின் முன்புதான் வைக்க வேண்டும் என்கிறது 149-வது பிரிவு. ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்யும், அந்தப் பதிவு கிடைத்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும், மறுத்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டபின் அப்பீல் கிடையாது, ஆகவே தொகையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துவிட்டுப் போங்கள்.

“பேசிக்கிட்டிருக்கோம்ல, கேஸ் எதுக்கு?” என்று போனில் சொல்லிக்கொண்டே நாளைக் கடத்துவார்கள். ஏமாறாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்பும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. இருந்தாலும் அதை நம்பி உட்காராமல், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே சொந்தமாக மனு போடுங்கள். போலீஸ் விசாரணை அதிகாரி தரும் படிவம் 6-ஐயும் நிரப்பி, பில், டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களோடு கொடுத்துவிடுங்கள். அசல்களை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கால் தேறினால் தேறியது என்றே சொல்லுங்கள். இல்லாத வலியைச் சொன்னால், உள்ள வலியையும் நம்ப மாட்டார்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன, அப்படிக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்து நீட்டுபவர்களிடம் போகாதீர்கள். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல்களோடு போங்கள். போக முடியாவிட்டால் 15100-க்குப் போன் செய்து கேளுங்கள்.