பொம்மை திருப்பி இழுக்காது, தம்பி

(வாசகர்களின் உடற்பயிற்சி, தற்காப்புக் கலை கேள்விகளுக்கு, மதுரையில் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருந்துகொண்டு மாலையில் ஜூடோ சொல்லிக்கொடுக்கும் நம் பயிற்சியாளரின் பதில்கள்.)

டீச்சர், எனக்கு 24 வயது, 66 கிலோ. பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவைக்குப் போய், தரையில் பிடித்துப் புரண்டு மடக்கும் கலையான ஜியு ஜிட்சு கற்றுக்கொள்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. மற்ற நாட்களில் ஷிப்ட் முடிந்து வீடு வர ஒன்பது மணி. கூடப் பயிற்சி செய்ய ஆள் இல்லை. ஆன்லைனில் ஆள் உயரத்துக்கு கிராப்ளிங் டம்மி, அதாவது பிடித்துப் பழகும் பொம்மை, விற்கிறார்கள். வாங்கினால் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். ‘பொம்மையோட கட்டிப் புரள்றதுக்கு இவ்வளவு காசா’ என்று அம்மா கேட்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

வாங்க வேண்டாம். ஆனால் அம்மா சொல்கிற காரணத்துக்காக இல்லை.

எங்கள் வகுப்பிலும் ஒரு டம்மி இருக்கிறது. பெயர் மாப்பிள்ளை. யார் என்ன செய்தாலும் வாயைத் திறக்காமல் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது இருப்பது மூன்றாவது மாப்பிள்ளை. முதல் ஆளை 2009இல் நானே தைத்தேன். பழைய காக்கி பேன்ட், முழுக்கை சட்டை, உள்ளே மணல். ஒரே வாரத்தில் மணல் முழுக்க இறங்கிக் காலுக்குப் போய்விட்டது. மேலே தோள் துவண்டு கிடக்கிறது, கீழே இரண்டு காலும் உரல் மாதிரி. அதைத் தோளில் போட்டு எறிந்தபோது கால் பின்னாலேயே வந்து என் கணுக்காலில் விழுந்தது. பத்து நாள் நொண்டினேன். பள்ளியில் காரணம் கேட்டவர்களிடம் படிக்கட்டில் தவறியதாகச் சொல்லிவைத்தேன். மணல் பொம்மை உதைத்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். டம்மி எதற்கு உதவும்? உடம்புக்கு வழி காட்ட உதவும். எதிராளியைப் பக்கவாட்டில் நெஞ்சோடு நெஞ்சு அமுக்கிக் கிடக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கிருந்து முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றி, மறுகாலைத் தலையைத் தாண்டிச் சுற்றி வைத்து, அவன் கையை உங்கள் இரண்டு தொடைக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு சாய வேண்டும். எட்டு மாதப் பழக்கத்தில் இதைச் செய்யும்போது எந்தக் கால் முதலில் என்று ஒரு நொடி யோசிப்பீர்கள். அந்த ஒரு நொடியில் கை போய்விடும். டம்மியில் தினம் முப்பது தடவை செய்தால், ஒரு மாதத்தில் கால் தானாகப் போகும். கூடப் பழகும் நண்பனிடம் ஒரே கையை முப்பது தடவை கேட்டால், பதினைந்தாவதிலேயே அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். மாப்பிள்ளை போக மாட்டார்.

இடுப்பைத் தாழ்த்தித் தூக்குவது, ஆளின் கனத்தோடு திரும்புவது, மூச்சு வாங்கும்போதும் பிடியை விடாமல் இருப்பது, இதற்கும் டம்மி நல்லது. கிரேக்க ரோமன் மல்யுத்தக்காரர்கள் ஆளைக் கட்டித் தூக்கிப் பின்பக்கமாக வளைந்து எறிகிற வீச்சை டம்மியில்தான் ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். அதை ஒரு மனுஷனை வைத்து அத்தனை தடவை செய்தால் அப்புறம் அவன் வகுப்புக்கு வர மாட்டான்.

இனி எதற்கு உதவாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் காசு அதில்தான் இருக்கிறது.

என்னிடம் பழகிய பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் மாப்பிள்ளையை வீட்டுக்கே கொண்டுபோனான். டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் உட்கார வைத்து, துண்டால் இடுப்போடு கட்டி. வழியில் இரண்டு பேர் நிறுத்தி ‘தம்பி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்’ என்றார்களாம். இரண்டு மாதம், நாளுக்கு நூறு செயோய் நாகே. எதிராளியின் கையைத் தோள் மேல் வாங்கி முன்னால் கவிழ்க்கிற வீச்சு அது. திரும்பி வந்து செய்து காட்டினான். காலடி, இடுப்பு, திருப்பம் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த மாதப் போட்டியில் அந்த வீச்சுக்காக ஐந்து தடவை உள்ளே போனான். ஐந்து தடவையும் எதிராளி அசையாமல் நின்றான். கடைசித் தடவை இவன் முதுகு காட்டியபடி நிற்க, அவன் நிதானமாகப் பின்னாலிருந்து இழுத்துக் கவிழ்த்தான்.

என்ன ஆயிற்று? அன்று இரவு வகுப்பைத் திறந்து, அவனை மறுபடி மாப்பிள்ளையோடு நிற்க வைத்துப் பார்த்தேன். டம்மி தானாக நிற்காது. நாம்தான் சட்டையைப் பிடித்து நம் பக்கம் சாய்த்து நிறுத்துகிறோம். அதாவது நாம் உள்ளே திரும்புவதற்கு முன்பே அது பாதி விழுந்த ஆள். ஜூடோவில் குசுஷி என்போம், நிலை குலைப்பது. எதிராளி தன் இரண்டு காலில் உறுதியாக நிற்பான், முதலில் அதைக் கெடுக்க வேண்டும். பையன் இரண்டு மாதமாகப் பழகியது நேர் எதிர். டம்மியோடு இருக்கும்போது நம் வேலை அதை நிற்க வைப்பது. ஆளோடு இருக்கும்போது நம் வேலை அவனை நிற்க விடாமல் செய்வது. இதோடு இன்னொன்று: மாப்பிள்ளையின் இரண்டு கையும் எப்போதும் முன்னால் நீட்டியபடி இருக்கும், வா வந்து பிடித்துக்கொள் என்று. போட்டியில் யார் அப்படிக் கை நீட்டுவார்கள்? கழுத்துப் பட்டையைப் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

தரையிலும் இதே கதைதான். ஜூடோவில் எதிராளியை 20 வினாடி மல்லாக்க அமுக்கி வைத்தால் இப்போன், ஆட்டம் முடிந்தது. மாப்பிள்ளையை நீங்கள் 20 நிமிடம்கூட அமுக்கி வைக்கலாம், நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். அவர் இடுப்பை உயர்த்திப் பாலம் போட மாட்டார், முழங்கையை உள்ளே நுழைக்க மாட்டார். அதனால் உங்கள் இடுப்புக்கும் அவர் இடுப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

புறநானூற்று 80ஆவது பாட்டில் சாத்தந்தையார் ஒரு மல்யுத்தத்தைச் சொல்கிறார். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துகிற இடம். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் செய்ய வருகிற உபாயத்தைத் தடுத்துப் பின்னால் வளைகிறது. முழங்காலை மார்பில் ஏற்றும் அந்த முதல் காலை டம்மி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டாவது காலைச் சொல்லித்தர, உபாயம் செய்கிற ஒரு மல்லன் வேண்டும். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் தொடங்கிய கோடோகன் பள்ளியில் ரண்டோரிக்கு, அதாவது முழு எதிர்ப்போடு பிடித்துப் பழகுவதற்கு, அவ்வளவு இடம் கொடுத்ததும் இதனால்தான்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் பஞ்சர் கடைக்குப் போய் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் கேட்பேன். வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுத் தூணைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் எதிராளியின் சட்டைக் கையும் கழுத்துப் பட்டையுமாக நினைத்துப் பிடியுங்கள். இழுத்துக்கொண்டே உள்ளே திரும்புங்கள், வெளியே வாருங்கள். பத்து பத்தாக. ஜூடோவில் இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்துக்குப் பெயர்தான் உச்சிகோமி. ட்யூப் அசையாது, ஆனால் திருப்பி இழுக்கும். பொம்மை செய்யாததை அது கொஞ்சம் செய்கிறது. தூண் இல்லையென்றால் ஜன்னல் கம்பியில் கட்டாதீர்கள். எங்கள் வீட்டு ஜன்னல் சட்டம் பெயர்ந்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். தரைப் பயிற்சிக்கு ஜிம்மில் வைத்திருக்கும் பெரிய காற்றுப் பந்து கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் மேல் நெஞ்சை வைத்து, கை ஊன்றாமல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறுங்கள். எடையை எங்கே வைத்தால் சறுக்குகிறோம் என்று அதுவே உருண்டு காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டம்மி ஆசை இருந்தால், தைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் ஊருக்கு வெளியிலிருந்து டம்மி வரவழைப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. உங்கள் கட்டிங் பிரிவில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே பனியன் வேஸ்ட், அதைவிட நல்ல அடைப்பு கிடையாது. பஞ்சு அமுங்கிப்போகும். தேங்காய் நார் ஈரம் பிடித்து நாறும். பனியன் துணி மட்டும் இடிக்க இடிக்க இறுகி, கடைசியில் தொட்டுப் பார்த்தால் சதை மாதிரியே இருக்கும்.

கெட்டி ஜீன்ஸ் பேன்ட், முழுக்கை சட்டை, இரண்டையும் இடுப்பில் சேர்த்துத் தையுங்கள். பாதத்திலிருந்து ஆரம்பித்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, உலக்கை நுனியால் இடித்து இடித்து நிரப்புங்கள். முட்டியிலும் முழங்கையிலும் அடைப்பைக் குறைத்து, குறுக்கே ஒரு தையல் ஓட்டினால் மடங்கும். கனம் வேண்டுமென்றால் மணலை அப்படியே கொட்டாமல், பைக் ட்யூப்பை முழ நீளத்துக்கு வெட்டி அதில் அடைத்து, இரண்டு முனையையும் கம்பியில்லாமல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டி வயிற்றுப் பகுதியில் வையுங்கள். முதுகெலும்புக்கு என்று மரக்கட்டையோ பிவிசி குழாயோ வைக்க வேண்டாம், என்றைக்காவது உடைந்து விலாவில் குத்தும். மேலே ஒரு கெட்டி கேன்வாஸ் உறை. இதை வீட்டு மெஷினில் தைக்க முடியாது, கார் சீட் கவர் தைப்பவரிடம் கொடுங்கள். தொடைகள் சேரும் இடத்தில் மூன்று தையல் போடச் சொல்லுங்கள், எல்லா டம்மியும் அங்கேதான் முதலில் கிழியும். நீங்கள் ஜியு ஜிட்சு என்பதால் முட்டி மடங்கி, கை முன்னால் வளைந்து, உட்கார்ந்த வாக்கில் இருக்கட்டும். விறைப்பாக நிற்கிற டம்மி தரையில் கிடந்தால் சுருட்டிய பாய்தான். கடைசியாக உங்கள் பழைய கீ சட்டையை, அதாவது வகுப்புக்குப் போடும் கெட்டிச் சட்டையை, மாட்டிவிடுங்கள். மூன்றாவது மாப்பிள்ளைக்கு எனக்குத் துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆயிற்று.

எடை 20 கிலோ, போனால் 25. அதற்கு மேல் இப்போது வேண்டாம். ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கிப் பழகியவர்களுக்கு 25 கிலோ பெரிதாகத் தெரியாது. ஆனால் அரிசி மூட்டை துவளாது, டம்மி துவளும். மயங்கி விழுந்த ஆளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேட் இல்லாமல் டைல்ஸ் தரையில் எறியாதீர்கள். மாடி வீடு என்றால் எறியவே எறியாதீர்கள், கீழ் வீட்டுக்காரர் உங்களிடம் சொல்ல மாட்டார், நேரே ஓனரிடம் போவார்.

வாரம் நான்கு நாள், இருபது நிமிடம் போதும். மிச்சம் பிடித்த காசில் மாதம் இரண்டு புதன்கிழமையாவது அரை நாள் லீவு போட்டுக் கோவை வகுப்புக்குப் போங்கள். இல்லையென்றால் உங்கள் கட்டிங் பிரிவிலேயே யாரையாவது இழுங்கள். கற்றுக்கொள்ள ஆள் வராது என்கிறீர்களா? முதல் நாள் அவரே உங்களைக் கீழே தள்ளும்படி விட்டுப் பாருங்கள், மறுநாள் வருவார்.

பொம்மையை வைத்துப் பழகுவது வெளிநாட்டு மோகம்தானே? நம் பயில்வான்கள் பொம்மையா வைத்திருந்தார்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பொம்மை வைத்திருக்கவில்லை, கம்பம் வைத்திருந்தார்கள். மல்லர் கம்பம் என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது. தேக்குக் கம்பத்தை நட்டு, விளக்கெண்ணெய் தடவி, அதையே எதிராளியாக நினைத்துக் கட்டிப் பிடிப்பது, தொடையால் கவ்வுவது, சுழல்வது. மராட்டியத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் அவருடைய ஆசான் பாலம்பட்ட தேவ்தர் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். இன்று அது தனி விளையாட்டாகிவிட்டது. நம் விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் செய்கிற வித்தையைப் பார்த்தால் நமக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் மல்லனுக்கு அது துணைப் பயிற்சிதான். கம்பத்திலிருந்து இறங்கி மண் கோதாவுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது, ஜூடோ சேர்ந்து மூன்று மாதம். வீட்டில் தம்பியைப் பிடித்துக் கீழே போடுகிறாள். டம்மி வாங்கிக் கொடுத்தால் தம்பி தப்பிப்பானா?
– ஒரு தாய், நாகர்கோவில்

இந்த வயதில் டம்மி தேவையில்லை, தாயே. திண்டு தலையணை ஒன்றைப் பழைய பெல்ட்டால் நடுவில் கட்டிக் கொடுங்கள், அமுக்கிப் பழகட்டும். வீட்டில் அவள் செய்ய வேண்டியது விழுந்து பழகுவதுதான். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையால் மெத்தையைத் தட்டியபடி விழுவது, முன்னும் பின்னும் உருள்வது. தம்பியின் கழுத்தைப் பிடிக்கவே கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். அவனையும் வகுப்பில் சேர்த்துவிட்டால் ஆறு மாதத்தில் கணக்குச் சரியாகிவிடும்.

முட்டியில் ஆபரேஷன் முடிந்து பிசியோ பயிற்சியில் இருக்கிறேன். மல்யுத்தத்துக்குத் திரும்ப டம்மியில் தொடங்கலாமா?
– ஒரு காவலர், சேலம்

பிசியோ சரி என்ற பிறகு தாராளமாக. மேலே சொன்ன குறை எல்லாம் உங்களுக்கு நிறை. அது திடீரென்று திரும்பாது, உங்கள் முட்டி மேல் வந்து விழாது. முதல் மாதம் தரையில் மட்டும், 15 கிலோ டம்மியோடு. தூக்குவதும் எறிவதும் அப்புறம். அடிபட்ட காலை ஊன்றித் திரும்புகிற வீச்சுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய சகாக்கள் ‘ஒரே ஒரு பிடி’ என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள்.