பத்துத் தட்டுக்கு மேல் ஏன் தவறுகிறது?

வணக்கம் நண்பரே. ட்ராப்பில், அதாவது பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டில், முதல் பத்துத் தட்டு உடைகிறது, அப்புறம் வரிசையாகத் தவறுகிறது, மனசு லேசாகட்டும் என்று போனால் எரிச்சலோடு பொள்ளாச்சி திரும்புகிறேன் என்கிறீர்கள். துப்பாக்கியைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் கன்னம்தான் கட்டையை (துப்பாக்கியின் தோளில் பதியும் பின்பகுதி) விட்டு எழும்புகிறது. உடைகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஆசை! தலை கொஞ்சம் உயர்ந்தாலே குண்டுகள் தட்டுக்கு மேலே போய்விடும். பின்னால் நிற்பவரிடம் உங்கள் கன்னத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

தட்டு 110 மி.மீ. அகலம்தான், அதுவும் விலகி ஓடுகிறது. பறந்தபின் யோசிக்க நேரமே கிடையாது. அமைதியெல்லாம் தட்டை விடச் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால்தான். கட்டை முதலில் கன்னத்துக்கு, பிறகு தோளுக்கு. பார்வை தட்டு கிளம்பும் இடத்துக்கு அப்பால், தளர்வாக. மூச்சைப் பாதி விட்டுக் கூப்பிடுங்கள். குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் சிறு மணியைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கை நின்றுவிடும், குண்டு தட்டுக்குப் பின்னால் போகும். சுட்ட பிறகும் குழல் ஓடட்டும்.

தோட்டாவையும் பாருங்கள். கனமான வேட்டைத் தோட்டா என்றால் பத்தாவது உதைக்குள் தோள் பயந்து, விசையை இழுக்கும்போதே உடம்பு சுருங்கும். 24 கிராம் குண்டுள்ள தோட்டா போதும், ஒலிம்பிக்கிலும் அதுதான். காதடைப்பான் கட்டாயம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், முதுகுக் காற்று அமுக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.

எண்ணிக்கையை வேறொருவர் குறிக்கட்டும். 25 தட்டில் இரண்டு சுற்று, அதோடு நிறுத்திவிடுங்கள்.