வாசகர் கேள்வி பதில்: புது டிரம் அண்ட் பேஸை எங்கே போய்த் தேடுவது?

போன இதழில் ஜங்கிள் இசையைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கடிதங்கள். வேகமாக ஓடும் டிரம்ஸும் அதன் அடியில் உறுமும் பேஸ் என்ற ஆழமான தாழ்ந்த ஒலியும் சேர்ந்ததுதான் டிரம் அண்ட் பேஸ், ஜங்கிள் அதற்கு மூத்த வடிவம். தமிழில் இதைப் பேச ஆள் கிடைக்காமல் பலர் தவித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன் அண்ணா. முகாமிலிருந்து வீடு திரும்பும்போது டிரம் அண்ட் பேஸ்தான் கேட்பேன். ஆனால் ஆப்பில் அதே பத்துப் பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. சின்ன லேபிள்களில், அதாவது இசை வெளியிடும் நிறுவனங்களில், புதிதாக வருவதை எப்படிப் பிடிப்பது?
– செங்காங் வாசகர்

பதில்: தம்பி, பாட்டைத் தேடுவதை விடுங்கள், லேபிளைத் தேடுங்கள். சினிமாப் பாட்டில் நாம் இசையமைப்பாளர் பெயரைப் பார்த்துக் கேட்கிறோம், ஆடியோ கம்பெனி எது என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே அப்படியில்லை. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ, அவர்களே டிஜேக்களாக இருப்பார்கள், தங்கள் காதுக்குப் பிடித்ததை மட்டும் வெளியிட ஒரு லேபிள் வைத்திருப்பார்கள், அந்தக் காது உங்கள் காதோடு ஒத்துப்போய்விட்டால் அடுத்த நாலைந்து வருடத்துக்கு உங்களுக்குக் கவலையில்லை. 1994ல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் மூன்று பேரும் மெட்டல்ஹெட்ஸைத் தொடங்கியது அப்படித்தான். இன்றைக்கு அது பெரிய பெயர்.

இன்னும் அடியில் போக வேண்டுமென்றால் டிம் ரீப்பர் நடத்தும் ஃபியூச்சர் ரெட்ரோ லண்டனைப் பாருங்கள். பழைய ஜங்கிளின் உடைந்து சிதறும் டிரம்ஸ்தான், ஆனால் பழசைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்காது. அவரும் மெல்பர்னில் இருக்கும் குளோக்கும் சேர்ந்து செய்த ஆல்பம் 2024ல் ஹைப்பர்டப் லேபிளில் வந்தது. நீங்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன். பிரிஸ்டலின் வெஸ்டர்ன் லோர், மண்ட்ராவும் டபுள் ஓவும் நடத்தும் ரப்ச்சர், இந்த இரண்டும் அதே வழி. இருட்டாக, பாட்டு என்றே சொல்ல முடியாத அளவுக்கு வெறும் மேளமும் பேஸுமாக வேண்டுமா, சாமுராய் மியூசிக். டிபிரிட்ஜ் நடத்தும் எக்ஸிட் ரெக்கார்ட்ஸ் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது, அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இவற்றை, கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பின்தொடருங்கள், புது ரிலீஸ் வந்ததும் மின்னஞ்சல் வந்துவிடும். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ரிலீஸின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் அந்த ஆள் இதுவரை வாங்கிய எல்லாமே திறக்கும். எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கும், முகம் தெரியாத ஒருவரின் அலமாரியை ராத்திரி ஒரு மணி வரை துழாவிக்கொண்டிருப்பேன், எந்த ஆப்பும் எனக்குக் காட்டாததெல்லாம் அங்கேதான் கிடைத்தது. வானொலி கேட்பீர்களென்றால் லண்டனின் ரின்ஸ் எஃப்எம், கூல் எஃப்எம். லண்டனில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை மூன்று அல்லது நான்கு, ஆகவே பதிவாகக் கேளுங்கள்.

கேள்வி: பத்து வருடமாக மிருதங்கம் படிக்கிறேன். இந்த இசையைக் கேட்டால் தாளம் எங்கே விழுகிறது என்றே கை போட முடியவில்லை. இதில் கணக்கு என்று ஒன்று உண்டா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: உண்டு, அதுவும் உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். நீங்கள் டிரம்ஸோடு கை போடப் பார்க்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். டிரம்ஸ் நிமிடத்துக்கு 170லிருந்து 175 அடி வேகத்தில் ஓடும். அதன் அடியில் பேஸ் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில், 87ஐ ஒட்டி நடக்கும். முதல் காலமும் இரண்டாம் காலமும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸோடு ஆதி தாளம் போடுங்கள், கை தானாக உட்காரும், மேலே ஓடும் டிரம்ஸ் அதற்குள் நிரவலாக விழுவது அப்போது கேட்கும். ஆடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், பாதிப் பேர் டிரம்ஸுக்குக் குதிப்பார்கள், பாதிப் பேர் பேஸுக்கு மெதுவாக அசைவார்கள், இரண்டுமே சரி.

அந்த டிரம்ஸ் எங்கிருந்து வந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் விட மனசு வரவில்லை, நீங்களும் தாளம் வாசிப்பவர். 1969ல் வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு சிங்கிள் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கப் பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரெகரி கோல்மன் என்ற டிரம்மர் நான்கு பார், அதாவது பதினாறு அடி மட்டும் தனியாக வாசித்தார். மொத்தமே ஏழு வினாடி. இருபது வருடம் கழித்து லண்டன் பையன்கள் அதை, பதிவான ஒலியைத் துண்டாக எடுத்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, வேகம் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி, வரிசை மாற்றி ஒட்டினார்கள். 174 வேகத்துக்கு ஏற்றினால் அந்த ஏழு வினாடி ஐந்தரை வினாடியாகச் சுருங்கும், மேளத்தின் சத்தமும் மேலே ஏறும், ஜங்கிளின் அந்தப் படபடப்பு அதில்தான் இருக்கிறது. ஆமென் பிரேக் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதிலிருந்து பிறந்தன. கோல்மன் 2006ல் இறந்தார், ஒரு காசு அவர் கைக்கு வரவில்லை. 2015ல் பிரிட்டனில் இரண்டு டிஜேக்கள் இணையத்தில் நிதி திரட்டி, சுமார் 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது எட்டவில்லை. ஒரு வித்வானின் தனியாவர்த்தனத்தை உலகமே வாசித்துவிட்டு அவர் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பாமல் விட்டது போல, எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. இலவசமாகக் கிடைக்கும் என்றாலும் நான் காசு கொடுத்து வாங்குவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: வாங்கலாம் என்றால் காசு எவ்வளவு ஆகும்? இசைத்தட்டாக வாங்குவதா, டிஜிட்டலா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: டிஜிட்டலில் தொடங்குங்கள். ஒரு ரிலீஸ் பல நேரம் கோப்பிக்கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுதான், சிலவற்றுக்கு விலையை நாமே போடலாம். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15% எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். வருடத்தில் சில மாதங்களில்தான் வரும், அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு வெள்ளி பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்கு ஆரம்பிக்கும். நான் மாதம் முழுக்கப் பட்டியல் போட்டு வைத்திருந்து அன்றைக்கு வாங்குவேன்.

தட்டுக்குத் தபால் செலவு சில சமயம் தட்டின் விலையையே தொட்டுவிடும். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023லிருந்து பொருள் சேவை வரி உண்டு, இங்கே வரிக்குப் பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் வாங்கும்போதே 9% சேர்த்துவிடுவார். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது நல்லது. 12 அங்குலத் தட்டு புளோக்கின் கீழே இருக்கும் தபால் பெட்டிக்குள் நுழையாது, ஆகவே வீட்டில் யாராவது இருக்கும் நாளாகப் பாருங்கள். வந்ததும் வெயில் படும் சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், நம் ஊர் சூட்டுக்கு வளைந்துவிடும். முதலில் ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் எஸ்பிளனேட் கடைத்தொகுதியில் அனலாக் வால்ட் இருக்கிறது.

கேள்வி: என் மகன் இந்தச் சத்தத்தைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். எங்கள் ஹாலில் எனக்குச் சத்தமே கேட்பதில்லை, சுவர் மட்டும் உறுமுகிறது. எப்படி?
– ஈசூன் வாசகி

பதில்: அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மைதான். பேச்சும் பாட்டும் சுவரில் பட்டு அடங்கிவிடும். ஆழமான பேஸ் அப்படி அடங்காது, 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளமே ஏழு மீட்டருக்குக் கிட்ட வரும், வீவக படுக்கையறை பல வீடுகளில் அதில் பாதிதான் இருக்கும். சுவரையும் தரையையும் அதிரவைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் போய் நிற்கும். பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து தூக்கித் தடிமனான ரப்பர் மெத்தைமேல் வைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் குறையும். இரவு பத்து மணிக்குமேல் காதை மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்போன்தான் வழி. கைப்பேசி ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடாதீர்கள், அதில் பேஸ் வரவே வராது, பாதி இசை காணாமல் போய்விடும், பையன் பாவம். ஒரு நாள் அந்த ஹெட்போனை வாங்கி நீங்களும் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: இந்த இசையில் நம்ம ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: லண்டனில் தல்வின் சிங் தபலாவையும் டிரம் அண்ட் பேஸையும் சேர்த்து ஆல்பம் போட்டு 1999ல் பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசு வாங்கினார். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் ஜங்கிள் வேகத்தில் அரசியல் பேசியது. தமிழ் மேளத்தை வைத்து அந்த அளவுக்கு ஒரு ரிலீஸ் இன்னும் என் காதில் விழவில்லை, அது எனக்குப் பெரிய குறை. தைப்பூசத்தில் நம் பையன்கள் உறுமி அடிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா, குச்சியைத் தோலில் இழுத்துத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல், அது பேஸ்லைன்தான், வேறொன்றும் இல்லை! உங்களில் யாராவது உறுமிக் குழுவில் இருந்து, மடிக்கணினியில் இசையும் செய்பவராக இருந்தால், குழுவின் சம்மதம் கேட்டு, அடிப்பவர் பெயரைப் போட்டு, அவருக்குப் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட்டு, ஒரு டிராக் செய்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நான் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.