பொயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) ரைபிளில் குறி சுடுவதில் அப்படி என்ன சுவாரசியம்? அது தோளில் உதைக்கக்கூட உதைக்காதே?

உதைக்காது, உண்மைதான். அதனால் சுலபம் என்று நானும் நினைத்தேன்.

பள்ளிக்கூடக் கடெட்டில் இருந்தபோது ஊவாவிலுள்ள தியத்தலாவை இராணுவ முகாமில்தான் முதன்முதலில் சுட்டேன். வீட்டில் சொன்னதும் அப்பா, "நமக்கு எதுக்குடா துவக்கு? பேசாம கிரிக்கட் விளையாடு" என்றார். தோட்டத்தில் வளர்ந்த அவருக்குத் துவக்கு என்றால் தொரை பங்களாவில் இருப்பது, இல்லாவிட்டால் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடி ஞாபகங்கள் வேறு. அவர் பயந்ததில் பிழையில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 50 மீட்டர் தூரத்துக் குறி அட்டையில் 'பத்து' என்ற வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான்! போட்டி ரவையை (தோட்டாவை) வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, செக்கனுக்கு 320, 330 மீட்டர் அளவில் செய்கிறார்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பினால், வழியில் வேகம் குறையும்போது தடுமாறும். இந்த வேகத்தில் 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் 12 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். குழலைவிட்டு வெளியேறவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் தோள் அசைந்தால் போச்சு.

என் முதல் பத்து வெடியும் வலப்பக்கம் கீழே கொத்தாகக் கிடந்தன. துவக்கில்தான் பிழை என்றேன். கடெட் சேர் ஒன்றும் பேசவில்லை. சுட்ட வெற்றுக் கோது ஒன்றை உள்ளே போட்டு, குழல் நுனியில் இரண்டு ரூபாய்க் காசை வைத்தார். "இப்ப விசையை அமத்து. காசு விழக்கூடாது." காசு உடனே புல்லில். (கோது ஏன் என்றால், இந்த வகைத் துவக்கில் ஊசி ரவையின் விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே ஒன்றுமில்லாமல் அமத்தினால் துவக்கே அடிபடும்.) அன்று பின்னேரம் முழுக்கக் காசு பொறுக்கியதுதான் என் வேலை.

அப்புறம் காற்று. ஜூலையில் ஊவாப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், மலைச்சரிவுப் பத்தனைப் புல் நிமிரவே நிமிராது. காற்று ஓயட்டும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். புல் எந்த அளவுக்குச் சாய்ந்திருந்தபோது முதல் வெடியை வைத்தோமோ, அதே அளவுக்குத் திரும்பச் சாயும்வரை காத்திருப்பதுதான் வித்தை. இது பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. எனக்குச் சுவாரசியமே இதில்தான்.

ரவைப் பெட்டியின் லொட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) இலக்கத்தையும் பாருங்கள். ஒரே கம்பனி ரவைதான், லொட் மாறினால் கொத்தும் மாறும். ரவையில் மெழுகு பூசியிருக்கும். குழல் கழுவிய பிறகு அந்த மெழுகு படியும்வரை முதல் நாலைந்து வெடியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சொந்தமாக வாங்கும் யோசனை இருந்தால் லைசன்ஸ் இல்லாமல் தொடவும் வேண்டாம், இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நான் இன்றுவரை கழகத் துவக்கில்தான் சுடுகிறேன்.

போன மாதம் ஓர் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்பது ஓட்டை ஒன்றாக, ஒன்று மட்டும் தள்ளி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது மட்டும் ஏன் அங்க போச்சு?" என்றார். காற்று என்றேன். நம்பவில்லை.